'மச்சான்': நண்பர்குழு வழக்கின் தோற்றமும் பரவலும்

1. தோற்றுவாய்

பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் அரை மணி நேரம் அமர்ந்திருப்போர் 'மச்சான்' என்னும் விளியைப் பன்முறை கேட்பர். விளிப்பவனுக்கும் விளிக்கப்படுபவனுக்கும் இடையே மணவுறவு ஏதும் இருப்பதில்லை. ஒருவன் யாழ்ப்பாணத்தவனாகவும் மற்றவன் மட்டக்களப்பைச் சேர்ந்தவனாகவும் இருக்கலாம். ஒருவன் தமிழனாகவும் மற்றவன் சிங்களவனாகவும் இருத்தலும் கூடும். தாய்மாமன் மகனையும், அத்தை மகனையும், உடன்பிறந்தாளின் கணவனையும் குறிக்கும் ஓர் உறவுப்பெயர், உறவினரல்லாத நண்பர் ஒருவரையொருவர் விளிக்கும் சொல்லாக எவ்வாறு மாறிற்று? ஒரு குழுவிலிருந்து மற்றொரு குழுவுக்கும், ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கும் அது எவ்வழியாற் சென்றது? இவ்வினாக்களை வாயிலாகக் கொண்டு, நண்பர் கூட்டங்களிலே வழங்கும் சொற்கள் தோன்றிப் பரவும் முறையினை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய சொற்களைக் 'கொச்சை' எனவும் 'இழிவழக்கு' எனவும் ஒதுக்கிவிடும் மனப்பான்மை நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் எழுந்த மரபு பற்றிய விவாதத்தின்போது, உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைப் படைப்புகளிற் கையாண்ட முற்போக்கு எழுத்தாளரின் ஆக்கங்கள் 'இழிசனர் இலக்கியம்' என இகழப்பட்டமை பலரும் அறிந்ததே. பிரதேசப் பேச்சுவழக்குக்குப் பின்னர் இலக்கியத்தில் இடங் கிடைத்தது. எனினும் இளைஞர் குழுக்களின் வழக்கு இன்றும் ஆராயத்தகாத ஒன்றாகவே பலராற் கருதப்படுகின்றது. அவ்வழக்கினை ஒழுக்கக்கேட்டின் அறிகுறியாகக் காண்பவரும் உளர். நாம் அதனைச் சமூக உறவுகளின் சான்றாகக் காண விழைகின்றோம்.

2. குழூஉக்குறியும் நண்பர்குழு வழக்கும்

குழுவுக்குரிய சொற்களைத் தமிழ் இலக்கணகாரர் அறியாதாரல்லர். 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூலிலே தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றலும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றலும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்றலும் குழூஉக்குறிக்கு உதாரணங்களாக உரையாசிரியராற் காட்டப்படுவன. ஒரு கூட்டத்தார் தமக்குள்ளே வழங்கும் சொல், அக்கூட்டத்தின் எல்லையை அறிவிக்கின்றது என்னும் உண்மை இங்குப் புலப்படுகின்றது.

ஆயினும் தொழிற்குழுவின் குழூஉக்குறிக்கும் நண்பர்குழுவின் வழக்குக்கும் இடையே வேறுபாடுண்டு. பொற்கொல்லன் பட்டறையிற் பிறர் அறியாவண்ணம் பேசவேண்டிய தேவை தொழில்வழி வருவது. அத்தொழில் உள்ளவரை அச்சொல்லும் நிலைக்கலாம். நண்பர் கூட்டத்துக்கோ அத்தகைய தேவை இல்லை. நல்லதை 'நல்லது' என்று சொன்னாலும் பொருள் விளங்கும். அவ்வாறு சொல்லாது யாழ்ப்பாணத்து இளைஞர் 'கலாதி' என்பர், 'அந்தமாதிரி' என்பர். இங்குப் பொருளறிவித்தலிலும் மேலானதாக ஒரு பணி நிகழ்கின்றது. 'நீயும் நானும் ஒரு கூட்டத்தார்' என்பதே அச்சொல் உரைக்கும் இரண்டாவது பொருளாகும்.

'அந்தமாதிரி' என்னும் தொடர் இவ்விடத்து நோக்கத்தக்கது. யாழ்ப்பாணத்திலே 'சாப்பாடு அந்தமாதிரி' என்றால் உணவு மிகச் சிறப்பாயிருந்தது என்பது பொருள். தமிழ்நாட்டிலோ அதே தொடர் ஆபாசத்தைக் குறிப்பாகச் சுட்டுவதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. சொற்கள் ஒன்றே, அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பொருளேற்றிய கூட்டங்கள் வேறு. ஆதலின் இத்தகைய சொல்லின் பொருளை அகராதியில் மட்டும் தேடிப் பயனில்லை. அதனை வழங்கும் கூட்டத்தினுள்ளே தேடுதல் வேண்டும்.

3. சொல் பற்றிக்கொள்ளும் முறை

நண்பர்குழு வழக்கிலே முற்றிலும் புதிதாக ஆக்கப்படும் சொற்கள் மிகச் சிலவே. பெரும்பாலானவை ஏற்கெனவே உள்ள சொற்களாம். சில பொருள் திரிந்தவை. தமிழ்நாட்டு மாணவர் சலிப்பூட்டும் பேச்சை 'அறுவை' என்றதும் 'கடி' என்றதும் இவ்வகையின. சில சுருங்கியவை, 'மச்சான்' என்பது 'மச்சி' ஆனமை இதற்குச் சான்று. வேறு சில, பிறமொழியிலிருந்து பெற்றவை. மூலப்பொருள் பொதுச் சொத்தாக இருத்தலால், இன்னார்தாம் இதனை முதலிற் சொன்னார் எனச் சுட்டுதல் பெரும்பாலும் இயலாது.

ஒரு சொல் பற்றிக்கொள்வதற்கு அதன் நயம் மட்டும் போதாது. நாளாந்தம் எத்தனையோ நயமான சொற்கள் சொல்லப்பட்டு, ஒருமுறை சிரித்தவுடன் மறக்கப்படுகின்றன. நிலைபெறும் சொல்லுக்குப் பின்னால் மூன்று நிலைமைகள் பொதுவாகக் காணப்படும். முதலாவது, கூட்டத்தார் அனைவரும் பங்குகொண்ட ஓர் அனுபவம். அச்சொல் அதனை மீட்டும் நினைவூட்டும். இரண்டாவது, கூட்டத்தில் மதிப்புப் பெற்ற ஒருவரின் வாய். அவர் சொன்னதைப் பிறர் திருப்பிச் சொல்வர், அதே சொல்லை ஓரத்தில் இருப்பவர் சொல்லின் அது எடுபடாது. மூன்றாவது, அடிக்கடி சந்திக்கும் வாய்ப்பு. ஒரே அறையில் உறங்கி, ஒரே பந்தியில் உண்டு, ஒரே மைதானத்தில் விளையாடுவோரிடையே ஒரு சொல் ஒரு வாரத்துள் நூறு முறை வழங்கிவிடும்.

கூட்டத்தின் மையத்துக்கும் ஓரத்துக்கும் இடையிலான வேறுபாட்டினை அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் தெளிவுறக் காட்டியுள்ளார். 1960களில் நியூயோர்க் நகரின் ஹாலம் பகுதியிற் கறுப்பின இளைஞர் குழுக்களின் பேச்சினை அவர் ஆராய்ந்தார். குழுவின் நடுவில் இருந்தோர் அக்குழுவழக்கினை நிறைவாகப் பேசினர். அதே தெருவில் வாழ்ந்தும் குழுவிற் சேராதிருந்த இளைஞரோ அவ்வழக்கின் இலக்கணக் கூறுகளிலேயே வேறுபட்டனர். ஒரே இனம், ஒரே வறுமை, ஒரே தெரு ஆகியவை ஒத்திருந்தும் பேச்சு ஒத்திருக்கவில்லை. மொழி அயலாலன்றி நட்பாற் பிடித்து வைக்கப்படுகின்றது என்பதே இதனாற் பெறப்படுவது.

4. நெருங்கிய பிணைப்பும் தளர்ந்த பிணைப்பும்

இனி, ஒரு கூட்டத்துள் நிலைபெற்ற சொல் வெளியே பரவும் முறையினை நோக்குவோம். வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் மூன்று தொழிலாளர் குடியிருப்புகளை ஆராய்ந்த லெஸ்லி மில்றோய், தம் முடிபுகளை 1980இல் நூலாக வெளியிட்டார். உறவினர், அயலவர், உடன்தொழிலாளர், ஓய்வுநேர நண்பர் ஆகிய யாவரும் அதே ஆட்களாக அமையும் இறுக்கமான வலைப்பின்னலில், உள்ளூர் வழக்கு உறுதியாகப் பேணப்படுவதை அவர் கண்டார். எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடத்தில், வழக்கிலிருந்து விலகுபவன் உடனே கேலிக்கு ஆளாவான்.

அவ்வாறாயின் புதுமை எங்கிருந்து வரும்? சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973இல் வெளியிட்ட கட்டுரையொன்று இதற்கு வழிகாட்டிற்று. நெருங்கிய நண்பர் பெரும்பாலும் நாம் அறிந்ததையே அறிந்திருப்பர். புதிய செய்தியைக் கொணர்பவர் நமக்கு அவ்வளவு நெருக்கமில்லாத, வேறு வட்டங்களில் நடமாடும் அறிமுகமானவரே என்பது அவர் வாதம். இக்கருத்தை மொழிமாற்றத்துக்குப் பொருத்தி, 1985இல் ஜேம்ஸ் மில்றோயும் லெஸ்லி மில்றோயும் விளக்கினர். இரு வட்டங்களிலும் கால்வைத்து நிற்போரே சொல்லை ஒரு வட்டத்திலிருந்து மற்றதற்குக் கடத்துகின்றனர். நெருங்கிய பிணைப்பு அதனைக் காக்க, தளர்ந்த பிணைப்பு அதனைப் பரப்புகின்றது.

நம் நாட்டில் இத்தகைய கடத்திகள் எவர் என வினவின் விடை எளிதிற் கிடைக்கும். விடுமுறைக்கு ஊர் திரும்பும் விடுதி மாணவன், வேறு பாடசாலை மாணவரோடு ரியூட்டரியில் ஒரே வாங்கில் அமரும் பிள்ளை, ஊர்விட்டு ஊர் சென்று ஆடும் உதைபந்தாட்டக்காரன், இடமாற்றம் பெற்ற இளம் ஆசிரியர் ஆகியோர் அவருட் சிலர். 1956 முதல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிப் புகையிரதம் இத்தகையோரை ஏற்றிச் சென்றபோது அவர்தம் சொற்களையும் ஏற்றியே சென்றது. 1990இல் வடக்குக்கான புகையிரதப் போக்குவரத்து அற்று, 2014இலேயே யாழ்ப்பாணத்தை மீண்டும் வந்தடைந்தது. இடைப்பட்ட காலத்திற் பயணமும் கலந்துறவாடலும் எவ்வளவு குறைந்தனவோ அவ்வளவுக்குச் சொற்களின் போக்குவரத்தும் குறைந்திருக்கும் எனக் கொள்ளல் பொருந்தும். இன்று கைத்தொலைபேசி வழியே தமிழகத் திரைப்படச் சொற்களும் புலம்பெயர்ந்தோர் சொற்களும் கணப்பொழுதில் வந்து சேர்கின்றன. எனினும் கேட்கும் சொல் அனைத்தும் பேசும் சொல்லாவதில்லை. திரையிற் கேட்டதை ஒரு நண்பன் துணிந்து சொல்ல, மற்றவர் அதனை ஏற்ற பின்னரே அது அக்கூட்டத்தின் சொல்லாகின்றது.

5. பொதுமையானால் நிகழ்வது

பரவிய சொல்லுக்கு இரு கதிகள் உண்டு. ஒன்று, குழுவின் அடையாளத்தை இழந்து பொதுமொழியிற் கலந்துவிடுதல். 'ஓக்கே' என்று உலகெங்கும் வழங்கும் சொல் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. 1830களின் இறுதியில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பத்திரிகையாளரிடையே, சொற்றொடர்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அவற்றின் முதலெழுத்துகளைச் சுருக்கமாக வழங்கும் வேடிக்கையொன்று பரவியிருந்தது. 'எல்லாம் சரி' எனப் பொருள்படும் தொடரைப் பிழைபட எழுதிச் சுருக்கிய இவ்விரு எழுத்துகள் 1839 மார்ச் 23இல் பத்திரிகையொன்றில் அச்சேறின. அவ்வகைச் சுருக்கங்களுட் பல மறைந்தொழிந்தன. இதுவோ 1840ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரனின் ஆதரவாளர் அவருடைய பட்டப்பெயரின் சுருக்கமாகவும் இதனைக் கையாண்டமையால் நாடெங்கும் அறிமுகமாயிற்று. இவ்வரலாற்றை 1960களில் ஆய்ந்து நிறுவியவர் அலன் வோக்கர் றீட் என்னும் அறிஞர். இன்று அதனைச் சொல்பவர் எவரும் பொஸ்ரன் பத்திரிகையாளரின் கூட்டத்தில் தம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை.

மற்றது, பொதுமையான சொல்லைக் குழு கைவிட்டுப் புதியதொன்றை ஆக்கிக்கொள்ளுதல். பிரான்சின் நகரப் புறச் சேரிகளில் அசைகளைத் தலைகீழாக்கிப் பேசும் 'வெர்லான்' என்னும் வழக்குண்டு. வட ஆபிரிக்கக் குடியேறிகளின் பிள்ளைகள் 'அறாப்' என்னும் சொல்லைப் புரட்டித் தம்மைப் 'பேர்' என அழைத்தனர். 1983இல் இனவாதத்துக்கு எதிராக நிகழ்ந்த நெடும்பயணத்தைச் செய்தித்தாள்கள் அச்சொல்லாற் குறிக்கவே, அது நாடறிந்த சொல்லாயிற்று. பிறரும் தம்மை அவ்வாறு அழைக்கத் தொடங்கியபின் இளைஞர் அதனையே மீண்டும் புரட்டி 'றெபே' என்றனர். பெயரிடும் உரிமையைப் பிறர் கையில் விட மறுத்தலே இதன் உட்கிடை. சிறுபிள்ளை விளையாட்டெனத் தோன்றும் சொற்புரட்டலுள்ளும் அதிகாரம் பற்றிய உணர்வு உறைந்திருத்தலை இது காட்டும்.

6. 'மச்சான்' உணர்த்துவது

இதுவரை கூறியவற்றை மனங்கொண்டு 'மச்சான்' என்னும் சொல்லுக்கு மீள்வோம். தமிழில் நண்பனை அழைக்க அண்ணன், தம்பி என்னும் உறவுப்பெயர்களும் உள. ஆனால் அவை வயதின் உயர்வு தாழ்வை உடன்கொண்டு வருவன. மச்சான் முறையோ சமநிலை உறவு. ஒருவரையொருவர் கேலிசெய்யும் உரிமை வழக்காற்றால் ஏற்கப்பட்ட உறவு. மூத்தவர்க்கு அடங்குதலும் இளையவரைக் காத்தலும் இன்றி, தோளோடு தோள் நிற்கும் நட்புக்கு இதனினும் பொருத்தமான உறவுப்பெயர் தமிழில் இல்லை எனலாம். கிழக்கிலங்கை நாட்டார் பாடல்களிற் காதலி காதலனை 'மச்சான்' என விளித்தலும் இவ்வுறவின் நெருக்கத்தையே காட்டும்.

இங்குத்தான் ஆழ்ந்து நோக்கவேண்டிய ஒன்றுண்டு. மச்சான் என்பவன் கொள்வினை கொடுப்பினைக்கு உரியவன். அகமண முறையைக் கொண்ட சாதிச் சமுதாயத்தில் மச்சான் முறை சாதிக்குள்ளேயே அடங்கும். யாழ்ப்பாணச் சமுதாயத்தில் யார் யாரை எவ்வாறு விளிப்பது என்பதைச் சாதி வரையறுத்திருந்தது. ஒடுக்கப்பட்டோர் உயர்சாதியினரை 'நயினார்' என விளிக்கவேண்டியிருந்த காலமும் ஒன்றிருந்தது. சாதிக்கும் மொழிக்கும் உள்ள இத்தொடர்பினைப் பேராசிரியர் சு. சுசீந்திரராசா 1970களில் ஆராய்ந்து எழுதியுள்ளார். 'நயினார்' என்றவன் 'மச்சான்' என்று அழைப்பதாயின், இடையிலே பெரியதொரு சமூக மாற்றம் நிகழ்ந்திருத்தல் வேண்டும்.

அம்மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் தேநீர்க் கடைகளிலும் ஆலயங்களிலும் ஒதுக்குதல் தொடர்ந்தது. 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேச, ஆலயப் பிரவேசப் போராட்டங்களே பல கதவுகளைத் திறந்தன. ஒரே கடையில், ஒரே வாங்கில், ஒரே வகைக் குவளையில் தேநீர் அருந்த இயலாத இருவரிடையே நட்புவழக்கு தோன்றுதற்கு இடமேது? பாடசாலை வாங்கும் தேநீர்க்கடை மேசையும் பொதுவான பின்னரே சொல்லும் பொதுவாகத் தொடங்கிற்று. அவ்வாறாயினும், வகுப்பறையில் 'மச்சான்' என்றவன் மணவினை பற்றிய பேச்செழுந்தவிடத்து அச்சொல்லின் மூலப்பொருளை நினைந்து பின்வாங்குதல் இன்றும் உண்டு. நட்பில் ஏற்ற சொல்லை மணத்தில் ஏற்க மறுக்கும் இம்முரண்பாடு, நம் சமூக மாற்றம் எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பதைச் சுட்டுகின்றது.

இனி, மொழியெல்லையை அது கடந்தமை நோக்குவோம். சிங்களத்தில் மைத்துனனைக் குறிக்க 'மஸ்ஸினா' என்னும் உறவுப்பெயர் உண்டு. தமிழிலிருந்து சென்றதாகக் கொள்ளப்படும் 'மச்சாங்' என்பதோ அங்கு நண்பரிடை விளியாக வழங்குகின்றது. குடும்ப உறவைச் சுட்டுவதற்கு ஒரு சொல் இருக்கவும், நட்பை விளிப்பதற்கு மற்றொன்றை அம்மொழியினர் ஏற்றுள்ளனர். சட்டத்தாலோ பாடநூலாலோ இது நிகழவில்லை. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் விளையாட்டிடத்திலும் இரு மொழியினரும் சமமாகப் பழகக்கூடிய இடங்களிலேயே இத்தகைய விளி கைமாறக்கூடும். ஒருவன் ஆணையிட மற்றவன் பணியும் இடத்தில் 'மச்சான்' என்னும் விளி கைமாறாது.

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும், தாய்மொழிவழிக் கல்வி நடைமுறைப்படுத்தப்பட்ட விதமும், இளந்தலைமுறையினரை வேறு வேறு வகுப்பறைகளில் அமர்த்தின. தாய்மொழிக் கல்வி மக்களின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வாயிலைத் திறந்தது. அதனை மறுப்பார் எவருமிலர். ஆனால் இரு மொழி மாணவரும் கலந்து பழகுதற்கான இடங்கள் அதற்கேற்பப் பெருக்கப்படவில்லை. 'குப்பி' என்னும் சொல்லின் கதி இதனை உணர்த்தும். பல்கலைக்கழக மாணவர் விரிவுரைக்குப் புறம்பாகத் தமக்குள்ளே பாடங் கற்பித்துக்கொள்ளும் வகுப்பினைக் 'குப்பி' என்பர். மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கும் குப்பிவிளக்கோடு இப்பெயர் தொடர்புடையது என்பர். போர்க்காலத்து வடக்கிலும் கிழக்கிலும் அதே 'குப்பி' இளைஞர் கழுத்திற் கட்டிய நஞ்சினைக் குறித்தது. ஒரே தீவின் இளைஞர், ஒரே சொல்லால் ஒளியையும் சாவையும் குறிக்க நேர்ந்தமை பிரிவின் ஆழத்துக்குச் சான்றாகும்.

7. திணிக்கப்படும் வழக்கு

நண்பர்குழு வழக்கு எப்பொழுதும் சமத்துவத்தையே வளர்க்கும் எனக் கொள்வது தவறு. குழுவினுள்ளே சமத்துவத்தை உணர்த்தும் அதே சொல் குழுவுக்குப் புறத்தே வேலியாகவும் நிற்கும். நம் பல்கலைக்கழகங்களிற் பகிடிவதையின்போது புதிய மாணவர்க்குச் சில சொற்கள் வலிந்து கற்பிக்கப்படுகின்றன. சில சொற்கள் விலக்கப்படுகின்றன. ஒரே ஆண்டில் நுழைந்தோர் தமக்குள் 'மச்சான்' என்பர்; மேலாண்டு மாணவரை அவ்வாறு விளித்தல் குற்றமாகும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய பின்னரும் இவ்வதிகாரம் முற்றாக ஒழியவில்லை. அச்சத்தால் உதடு உச்சரிக்கும் சொல்லையும் நட்பால் நாவிலெழும் சொல்லையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. முன்னதன் பரவலை நட்பின் பரவல் எனக் கணக்கிடின் நம் ஆய்வு பிழைபடும்.

பெண்களின் நிலையும் இவ்விடத்து எண்ணத்தக்கது. 'மச்சான்' ஆணை விளிக்கும் சொல்லாகவே பிறந்தது. சந்தியிலும் மைதானத்திலும் கூடிநிற்கும் உரிமை ஆண்களுக்கே இருந்த காலத்தில், அங்கு வளர்ந்த வழக்கும் அவர்களுக்கே உரியதாயிருந்தது. இன்று பெண் மாணவர் தமக்குள்ளேயும் ஆண் நண்பரோடும் இச்சொல்லை வழங்குதலைக் கேட்கின்றோம். சிலர் இதனை நாகரிகக் கேடு என்பர். பொதுவிடத்தில் நிற்கும் உரிமையைப் பெற்றவர் அவ்விடத்தின் சொல்லையும் பெறுகின்றனர் என்பதே எம் கருத்து.

8. முடிவுரை

ஒரு சொல்லின் பரவல் அதன் நயத்தினும், அதனைச் சொல்வோர் யாரோடு சமமாக அமர்கின்றனர் என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது என்பது மேற்கூறியவற்றாற் பெறப்படும். இதனால் நண்பர்குழு வழக்கினைச் சமூக உறவுகளின் வரைபடமாக வாசித்தல் கூடும். எங்குச் சொற்கள் கடந்து செல்கின்றனவோ அங்கு மனிதர் கலக்கின்றனர். எங்கு அவை தடைப்படுகின்றனவோ அங்கு ஏதோவொரு சுவர் எழுந்துள்ளது. சொல்லைத் திருத்துவதற்கு முயல்வதினும் அச்சுவரைக் கண்டறிதல் பயனுடைத்து.

இவ்வழக்குகள் விரைந்து மறைவன. ஒரு மாணவர் அணி வெளியேறியதும் அதன் சொற்களிற் பல அதனுடனேயே அகல்கின்றன. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கொனி எபிள் என்னும் பேராசிரியை 1972 முதல் தம் மாணவரைக் கொண்டே மாணவர் வழக்குகளைத் திரட்டி, 1996இல் அவற்றின் அடிப்படையில் நூலொன்று வெளியிட்டார். பெரும் பொருட்செலவு இதற்கு வேண்டியதில்லை. யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் தமிழ் மாணவர், தத்தம் இடத்து வழக்குகளை ஆண்டுதோறும் எழுதிவைத்தல் கூடும். சொல், பொருள், யாரிடம் கேட்டது, யார் யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லக் கூடாது என ஐந்து குறிப்புகள் போதும். இவற்றுள் இறுதியானதே நமக்கு மிகுதியும் வேண்டப்படுவது. 'மச்சான்' என்று எவரை அழைக்க நம் நா இன்னமும் தயங்குகின்றதோ, அவர் முன்னிலையிலேயே அவ்வாய்வு தொடங்குதல் வேண்டும்.